தென்காசிக் கோப்பையும் மாடசாமியின் தாடியும்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு வாசுதேவநல்லூரில் பஸ் ஏறினோம். யுத்த காலமாதலால் பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் கட்டியிருந்த கரி அடுப்பைக் கிளீனர் அரைமணி நேரம் சுற்றிய பிறகுதான் என்ஜின் இருமியது. தென்காசிக்கு இருபத்துநாலு மைல், ஆளுக்கு எட்டணா. எங்கள் ஊர்ச் சடுகுடுக் கோஷ்டியில் ஆட்டக்காரர்கள் ஏழு பேர். அவர்களுடைய துண்டு, வெல்லம், எலுமிச்சம்பழம் இவற்றுக்குப் பொறுப்பு நான். பலசரக்குக் கடை வைத்திருப்பவன். கூட்டத்தில் வாய் திறக்கிற பழக்கம் இல்லை. அதனால்தான் இந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் தலைவர் மாடசாமி என் அடுத்த வீட்டுக்காரர். மூன்று வருடங்களுக்கு முன் தென்காசியில் இறுதி ஆட்டத்தில் தோற்ற அன்று, கோப்பை வாங்கும் வரை தாடியை எடுப்பதில்லை என்று சபதம் செய்தார். அடுத்த இரண்டு வருடமும் தோற்றார். தாடி நெஞ்சைத் தொட்டுவிட்டது. அவர் மகளுக்கு இரண்டு வயது. அப்பாவின் தாடையை அவள் பார்த்ததே இல்லை. ராத்திரி அவள் அழுதால் மாடசாமி தாலாட்டெல்லாம் பாடுவதில்லை. "சடுகுடு சடுகுடு" என்று மூச்சை இழுத்துப் பாடுவார், அவள் தூங்கிவிடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் தூக்கம் வந்துவிடும்.

இந்த வருடம் அவருக்கு நெருக்கடி. ஆவணியில் மைத்துனன் கல்யாணம். பஸ் கிளம்பும்போது அவர் மனைவி செல்லம் ஜன்னலருகே வந்து, எல்லோரும் கேட்கவே சொன்னாள்:

"இந்தத் தாடியோட வந்தீகன்னா கல்யாண வீட்டுக்கு நானும் பிள்ளையும் மட்டும்தான் போவோம். நீங்க இங்கனயே கெடங்க."

"ஏட்டி, பஸ்ஸுல ஆளு இருக்கு."

"இருக்கட்டும். அவுகளும் சாட்சி."

பங்குனி அறுப்பு முடிந்ததும் வறண்ட குளத்துக்குள் கோடு கிழித்துப் பழகத் தொடங்கினார்கள். இந்த முறை ரைஸ்மில் முதலாளி செலவு ஏற்றுக்கொண்டு, புளியறையிலிருந்து வேலப்பன் என்ற ஆட்டக்காரனைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். ஆட்டத்துக்கு இரண்டு ரூபாயும் சாப்பாடும். சித்திரையில் புளியங்குடியை வென்றோம். வைகாசியில் கடையநல்லூர். ஆனியில் செங்கோட்டைக்காரர்களை அவர்கள் ஊரிலேயே ஜெயித்தோம். வேலப்பனுக்கு அங்கே மாமன்மார் இருந்ததால் அடியும் விழவில்லை. மீதி இருந்தது தென்காசி.

புளியங்குடியில் பஸ் நின்றபோது எலுமிச்சம்பழம் வாங்கினேன். கடையநல்லூரில் தறிச் சத்தம் கரிவண்டிச் சத்தத்தையும் மிஞ்சியது. அதைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. மேற்கே மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்தது. தென்காசிக் கோயிலின் இடிந்த மொட்டைக் கோபுரம் தெரிந்ததும் மாடசாமி தாடியை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல். ஜட்கா ஒன்றுக்கு ஆறணா. பேசிப் பார்த்தேன், குறையவில்லை. சாரல் முகத்தில் பொடிப்பொடியாக விழுந்தது. குடை பிடித்தால் நனையாது; ஆனால் அங்கே யாரும் குடை பிடிக்கவில்லை. முதலாளிக்குத் தெரிந்த ஒரு விடுதியில் இடம் கிடைத்தது. மங்குஸ்தான் பழம் டஜன் மூன்றணா. வேலப்பன் தனியாக ஒரு டஜன் தின்றான்.

மறுநாள் சனிக்கிழமை, ஆட்ட நாள். சனிக்கிழமை, அதுவும் குற்றாலத்தில். எண்ணெய் தேய்க்காமல் இருப்பது எப்படி? எண்ணெய் விற்கிற விலையில் ஊரில் தலைக்கு வைக்கவே ஒரு சொட்டு கிடைக்காது. விடுதிக்காரர் எங்கள் முதலாளிக்காகத் தன் செலவில் ஒரு தூக்கு நல்லெண்ணெயே கொடுத்துவிட்டார். எண்ணெய் தேய்க்கிறவர் ஏழு பேரையும் வரிசையாக உட்காரவைத்துத் தட்டினார். மாடசாமியிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, இது தாடியா வைக்கப்போரா? ஊத்த ஊத்தக் குடிக்குதே!"

"நல்லா ஊத்தும்வே. இன்னைக்குத்தான் அதுக்குக் கடைசிக் குளிப்பு."

அருவிக்கு ஓடினால், மலையில் ராத்திரி பெய்த மழையில் அது பொங்கிச் சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது. கிட்டே போகிற தைரியம் வேலப்பனுக்குக்கூட இல்லை. ஓரத்தில் ஓடிய தண்ணீரைச் செம்பால் அள்ளி ஊற்றிக்கொண்டு, இட்லி தின்று, மூன்று மணிக்குத் தென்காசி வந்து சேர்ந்தோம்.

ஆட்டம் சிற்றாற்றுக் கரையில். மரத்திலெல்லாம் ஆள். நடுவர் ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார். தென்காசிக் கோஷ்டிக்குத் தலைவர் போலீசில் ஏட்டு. கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. கை கொடுக்க வந்த ஏட்டு, மாடசாமியின் தோளைத் தொட்டு, விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"சார், இங்கன வந்து பாருங்க. எண்ணெய்ச் சட்டியில இருந்து எந்திரிச்சு வந்திருக்காங்க!"

உடம்பில் எண்ணெயோடு ஆடக் கூடாதென்று ஒரு விதி இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பக்கம் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. தேய்க்க யாரிடமும் எண்ணெய் இருந்ததில்லை. நடுவர் கடிகாரத்தை எடுத்தார். "அரைமணி நேரம். கழுவிட்டு வந்தா ஆட்டம். இல்லைன்னா கோப்பை தென்காசிக்கு."

மாடசாமி என்னைப் பார்த்தார். நான் கடைத்தெருவுக்கு ஓடினேன்.

"சீயக்காய்ப் பொடி நாலு படி" என்றேன் மூச்சு வாங்க.

"நாலு படியா? கல்யாண வீடா அண்ணாச்சி?"

"சடுகுடு."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம ஊரோட ஆடுத பயலுவளா? ரெண்டு படிதான் இருக்கு. கொண்டு போரும், நல்ல ஆட்டமாப் பாக்கணும்" என்று கொடுத்தார். காசை அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

ஆற்றில் ஏழு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்தார்கள். ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் முழுவதும் கரைக்கு வந்துவிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், "காதுக்குப் பின்னால விட்டுட்டீரு!" என்று கத்தினார்கள். வேலப்பன் கண்ணில் பொடி விழுந்து, "என்டம்மே!" என்று மலையாளத்தில் அலறினான். மாடசாமி மற்றவர்களுக்கெல்லாம் தேய்த்துவிட்டுக் கடைசியாகத் தன் தோளுக்கு வந்தார். இடுப்போடு பொடி தீர்ந்தது. ஏட்டு வந்து ஒவ்வொரு முதுகிலும் விரலை வைத்துச் சோதித்து, "சரி, ஆடலாம்" என்றார்.

ஆட்டத்தை முழுவதும் எழுதினால் கடைசிவரை படிக்கமாட்டீர்கள். வேலப்பன் பாடிப் போன முதல் மூன்று தடவையும் ஆளைத் தொட்டுத் திரும்பினான். நாலாவதில் ஏட்டு அவனைத் தூக்கி உட்காரவைத்தார். இருட்டுகிற நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். கடைசிப் பாட்டு எங்களுடையது. மாடசாமி போனார்.

"சடுகுடு சடுகுடு" என்று அவர் கோடு தாண்டியதும் கூட்டம் அடங்கியது. ஓரத்து ஆளைக் காலால் தொட்டுவிட்டுத் திரும்பினார். ஏட்டு பாய்ந்தார். இடுப்புக்குப் போன கை தவறி, தாடி மொத்தமும் அவர் பிடியில் வந்தது. மூன்று வருடத் தாடி. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் சத்தம் கேட்டுத் திறந்தால், மாடசாமி நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடக்கிறார். ஏட்டு தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அது பளபளவென்று மின்னியது.

தாடிக்கு யாரும் சீயக்காய் போடவே இல்லை.

தென்காசிக்காரர்கள் களத்துக்குள் இறங்கிவிட்டார்கள். நடுவர் மாடசாமியின் தாடியைத் தடவி, விரலை மோந்து பார்த்தார். "நல்லெண்ணெய்" என்றார். பிறகு ஏட்டைப் பார்த்தார். "தாடியைப் பிடிக்கலாம்னு எந்த விதியில இருக்கு?"

ஏட்டு கையை வேட்டியில் துடைத்தார். "இல்ல சார். பிடிச்சது தப்புதான். சோதிச்சப்போ தாடிய விட்டதும் நாந்தான். புள்ளிய அவுகளுக்கே குடுங்க." மாடசாமியிடம் திரும்பி, "ஆனா ஒண்ணு, அடுத்த வருசம் இந்தச் சனியன வழிச்சிட்டு வாரும்வே" என்றார்.

"அடுத்த வருசமா? நாளைக்குக் காலையில!" என்று மாடசாமி அவரைக் கட்டிக்கொண்டார்.

ஞாயிறு காலை தென்காசி பஸ் நிலையத்தருகே நாவிதர் ஒருவர் அரையணாக் கூலியைத் தாடிக்காக இரண்டணாவாக்கினார். அதையும் ஏட்டுதான் கொடுத்தார். உள்ளேயிருந்து வெளிவந்த முகம் வெயில் படாமல் வெளுத்து, மேல்பாதி ஒருவருடையது, கீழ்ப்பாதி வேறொருவருடையது போலிருந்தது.

வாசுதேவநல்லூரில் இறங்கியபோது சாரலும் இல்லை, குளிர்ந்த காற்றும் இல்லை. புழுதியும் ஊர்ச் சனமும்தான். செல்லம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அவுகள எங்க?" என்று என்னைக் கேட்டாள். கோப்பையோடு அவள் முன்னாலேயே நின்றவர் சிரித்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் குழந்தையை வாங்கக் கை நீட்டினார். அது ஒரு பார்வை பார்த்துவிட்டு வீரிட்டது. செல்லத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம்" என்றது. கோப்பையைக் காட்டினார், இன்னும் அழுதது. ஊரே சிரித்தது. மாடசாமி சிரிக்கவில்லை.

கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையின் காதருகே குனிந்து, மூச்சை இழுத்து, மெதுவாகத் தொடங்கினார். "சடுகுடு சடுகுடு சடுகுடு..." அழுகை பாதியில் நின்றது. குழந்தை திரும்பி, புது முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு கையை நீட்டி, தாடி இருந்த இடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, அவரிடம் வந்தது. மூச்சு முடியும் வரை அவர் பாட்டை நிறுத்தவில்லை.