சத்தம் போடாத சுடிதார்

தைத்து முடித்த சுடிதாரை மேஜைமேல் விரித்துப் போட்டு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கழுத்திலிருந்து கால்வரைக்கும் இழுத்துக்கொண்டே போகிறாள் சாஜிதா பானு. தோள், அக்குள், இடுப்பு மடிப்பு, கால் மடிப்பு என்று ஓரிடம் பாக்கியில்லை. ஒன்றும் ஒட்டவில்லை. "பாத்துக்கிட்டியா? ஒரு குண்டூசிகூட கெடையாது. தைரியமா போட்டுட்டுப் போ" என்கிறாள். எதிரில் நிற்கிற பெண்ணுக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது.

சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டில் இருக்கிறது அவளுடைய தையல் கடை. ஏப்ரல் பிறந்துவிட்டால் கல்யாண ஜாக்கெட்டெல்லாம் மூலைக்குப் போய்விடும். நீட் எழுதுகிற பிள்ளைகளின் உடுப்புத்தான் முதலில். அரைக்கை, ஜிப் கூடாது, கொக்கி கூடாது, பெரிய பித்தான் கூடாது, ஜரிகை கூடவே கூடாது. யாராவது தெரியாத்தனமாகப் பை வைக்கச் சொல்லிவிட்டால் போச்சு. "பையில என்னத்த வைக்கப் போற? அங்கன ஒரு பேனாகூடக் கொண்டு போவ விட மாட்டாவ. பையாம் பை!"

போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. கடையில் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் அட்டையும் பழைய செய்தித்தாளும் கொடுத்து, "வட்டம் போடு" என்பாள். இருபது வட்டமாவது கறுப்புப் பேனாவால் நிரப்பிக் காட்ட வேண்டும். அக்குளில் துணி இழுத்தால் அந்த இடத்திலேயே பிரித்துத் தைப்பாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். விலங்கியலில் தவளைகூட அவளுக்குத் தெரியாது. ஆனாலும், "நூத்தி எண்பது கேள்வி, மூணு மணி நேரம். அக்குளு இறுக்குச்சுன்னா நூறாவது வட்டத்துக்கு மேல கை ஓடாது, சொல்லுதேன்லா" என்று அவள் சொல்லும்போது, பத்து வருஷம் கோச்சிங் நடத்தியவள் பேசுவது போலிருக்கும்.

இந்த வைராக்கியம் சும்மா வந்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன் மகள் ருக்ஸானா பரீட்சைக்குப் போனாள். இவள் பார்த்துப் பார்த்துத் தைத்த முக்கால் கைச் சுடிதார். வாசலில் கை நீளம் என்று பேச்சு வந்ததும், கூட நின்ற யாரோ ஓர் அம்மா உதவுகிறேனென்று கத்திரியை வாங்கி வெட்டிவிட்டாள். மகள் அழுததுகூட ஆறிப்போயிற்று, அந்த வெட்டு இவளுக்கு ஆறவில்லை. "வெட்டுனதுதான் வெட்டுனா, நேரா வெட்டக் கூடாதா? எலி கடிச்ச மாரி!" ருக்ஸானா இப்போது பார்மஸி படித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். அம்மாதான் ஒவ்வொரு மே மாதமும் நீட் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இந்த வருஷம் வந்தவர்களில் மேலநீலிதநல்லூர் ஜெயசித்ராவின் மேல் அவளுக்குத் தனிக் கவலை. போன வருஷம் அந்தப் பிள்ளை ரெடிமேட் சுடிதாரோடு போனது. முதுகு ஜிப்புக்கு வாசலில் மெட்டல் டிடெக்டர் மெஷின் சத்தம் போட, மூன்று தடவை வரிசையை விட்டு விலகி நின்று, அழுத கண்ணோடு உள்ளே போனது. "மொத அரை மணி நேரம் கேள்வியே கண்ணுக்குத் தெரியல பெரியம்மா" என்று சொல்லியிருந்தாள். சொற்ப மார்க்கில் சீட் போய்விட்டது. அப்பா சிவனாண்டி உளுந்தும் சோளமும் போடுகிற சம்சாரி. இன்னொரு வருஷமெல்லாம் வீட்டில் உட்கார வைத்துப் படிக்கவைக்க முடியாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். ஆக, இதுதான் கடைசித் தடவை. அம்மா மாரித்தாய் உடுப்பு வாங்க வந்த அன்றைக்குக் காந்தம் போகிற போக்கையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. கடை லீவுதான், ஆனாலும் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் சாஜிதா திறந்து வைத்திருந்தாள். அப்பாவும் மகளும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிவிட, மாரித்தாய் இங்கே வந்து கோமதியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லபடியா கெளம்பிட்டா யக்கா. அம்மன் தகடும் கூடப் போவுது."

"என்ன தகடு?"

"செப்புத் தகடு. அம்மன் காலடியில வச்சு எடுத்தது. பேண்டு இடுப்பு மடிப்புல இடது பக்கம் வச்சுத் தைச்சுட்டேன், அவளுக்கே தெரியாது. பயப்படாதிய. பிரிட்ஜ்ல ஒட்டுத காந்தத்த எடுத்து உங்கள மாரியே இழுத்துப் பாத்தேன். ஒட்டவே இல்ல."

செம்பு காந்தத்தில் ஒட்டாது. வாசலில் இருக்கிற மெஷினோ செம்பு, பித்தளை எதையும் விடாது. அது தெரிந்துதான் நீட் உடுப்புக்குப் பக்கத்தில் பித்தளைக் கொக்கியைக்கூட அவள் அண்டவிடுவதில்லை. காந்தத்தை இழுத்துக் காட்டுவது பிள்ளைகளுக்குத் தைரியம் வரட்டுமே என்பதற்காக. அந்த வித்தையை ஒரு தாய் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"யா அல்லா! எம்புத்தியச் செருப்பாலயே அடிக்கணும். காந்தம் இரும்பத்தாம்ட்டீ பிடிக்கும். செம்புக்கு மெஷினு ஊரக் கூட்டிரும்! என்ன நூலு போட்டுத் தைச்ச?"

"கறுப்பு யக்கா. வெள்ளை தீந்துட்டு."

சாஜிதா சிவனாண்டிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் பாட்டுச் சத்தத்துக்குள் மனுஷனுக்கு எங்கே கேட்கப் போகிறது! நாலாவது தடவைதான் எடுத்தார். "மானூரு தாண்டிட்டோம், என்ன டெய்லரம்மா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. போனைப் பிள்ளைட்ட குடுங்க."

இங்கே பதறினால் அங்கே போன வருஷக் கதை திரும்பிவிடும். சாஜிதா சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். "ஏ ஜெயா, இடுப்பு மடிப்புல இடது பக்கம் தடவிப் பாரு மக்கா. என்னமும் தட்டுதா?"

"ஆமா பெரியம்மா! என்னது இது?"

"உங்கம்மா வச்ச சாமி. பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் லேடீஸ் பாத்ரூமுக்குப் போ. கறுப்பு நூலு உங்கம்மா தையல். அத நடுவுல பல்லால கடிச்சு இழு, உருவிட்டு வந்துரும். வெள்ளை நூலு எந்தையல். அதத் தொட்டுராத தாயி, பேண்டு அவுந்துரும்."

அந்தப் பக்கம் பிள்ளை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சாஜிதாவுக்குப் பாதி உயிர் வந்தது.

மாரித்தாய் மூலையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "அம்மன எடுத்துட்டா எம்பிள்ளைக்கு ஆரு தொணை?"

"உன் வீட்டுக்காரர் சட்டைப் பையில இருக்கட்டும். கேட்டுக்கு வெளிய நின்னா அம்மனுக்குக் கண்ணு தெரியாதாக்கும்!" என்று அதட்டினாள். அதட்டினாளே தவிர, போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஜெயசித்ராவே கூப்பிட்டாள். "வந்துட்டு பெரியம்மா. அப்பாட்ட குடுத்துட்டேன். பேண்டும் அவுரல."

பன்னிரண்டு மணி வாக்கில் சிவனாண்டி கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. "உள்ள போயிட்டாம்மா. ரெண்டு கையையும் தூக்கச் சொன்னாவ. தூக்குனா. மெஷின மேலயும் கீழயும் கொண்டு போனாவ. சத்தமே வரல. என்னைத் திரும்பிப் பாத்து சிரிச்சுட்டுப் போறா."

"அல்ஹம்துலில்லா" என்று சொல்லி சாஜிதா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். மாரித்தாய் அழுகையும் சிரிப்புமாக எதிரே நின்றாள். அப்போதுதான் சாஜிதா அவளை முழுசாகப் பார்த்தாள். ஜாக்கெட்டில் கொக்கி போன இடத்தில் இரண்டு ஊக்கு. தோளில் தையல் விட்டுத் துணி இற்றுப்போயிருந்தது. மகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கும் இதே ஜாக்கெட்டுத்தான் போட்டிருந்தாள்.

சாஜிதா அளவு டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கையத் தூக்கு."

எதற்கென்று கேட்காமல், கண்ணைத் துடைக்கக்கூட மறந்து, மாரித்தாய் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.