டெல்லிக்குப் போன பதர்

கார்த்திகைக் கடைசியில் அமிர்தம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராணுவ முகாமின் வாசலில் போய் நின்றாள். முகாமுக்குப் புதிதாக எழுப்பிய மதில் கடைமடை வாய்க்காலை அடைத்துவிட்டது. மழையும் ஏமாற்றிய வருஷம். புருஷன் செத்த பிறகு அவள் ஒருத்தியாகக் குத்தகை உழுத ஆறு மா நிலம், சம்பாக் கதிர் பொதிகட்டும் நேரத்தில் வெடித்துக் கிடந்தது. இந்தப் போகம் தவறினால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளப் பண்ணையார் தயாராக இருந்தார்.

வாசலில் இருந்த சுபேதார் ரெத்தினம் கூத்தாநல்லூர்ப் பக்கத்துக்காரர். "மதில்ல ஒரு குழா வைக்கணும்னா மேஜராலயும் முடியாதும்மா. டெல்லியில பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவு போடணும். அங்க எழுதுங்க," என்றார்.

அமிர்தம் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? நாலு வருஷத்துக்கு முன் கூலிச் சண்டையில் துப்பாக்கியோடு லாரியில் வந்து இறங்கிய போலீஸ்காரர்கள் வைத்ததுதான் சட்டம். தாசில்தாரே அவர்கள் பின்னால் ஒதுங்கி நின்றதைக் கண்ணால் பார்த்தவள் அவள். துப்பாக்கிக்காரன் காகிதத்துக்குப் பயப்படுவானா? தட்டிக்கழிக்கிறார்கள் என்றே நினைத்தாள். ஒரு வாரம் வாழைத்தாரோடு போய் மேஜரைக் கும்பிட்டாள். அடுத்த வாரம் மண்ணை வாரித் தூற்றினாள். மேஜர் இரண்டுக்கும் அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆளைப் பிடித்து மனு எழுதவைத்து டெல்லிக்கு அனுப்பினாள். டெல்லி ஆடி அசைந்து, பொங்கல் கழிந்த பிறகு ஒரு பக்க உத்தரவு அனுப்பியது. நகல் அவளுக்கும் வந்தது. அன்றைக்கே பத்துச் சிப்பாய்கள் மதிலை உடைத்துக் குழாய் பதித்தார்கள். மேஜர் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, நாங்க உத்தரவுக்குக் கட்டுப்பட்டவங்க," என்றார் ரெத்தினம்.

அமிர்தம் காய்ந்து கிடந்த வயல் பக்கம் கைகாட்டினாள். "துப்பாக்கிய அடக்கி வச்சிருக்காங்க, நல்லதுதான். அன்னைக்கு லாரியில வந்தவங்களுக்கும் அப்படி யாராச்சும் இருந்திருக்கலாம். டெல்லியில இந்தப் பேனா புடிச்சவர யாருங்க அடக்குறது?"

"ஓட்டுப் போடுற நீங்கதாம்மா."

குழாய் வழியாகத் தண்ணீர் வயலுக்குள் நுழைந்தபோது, பண்ணையாரின் ஆள் வரப்பில் வந்து நின்றான். அமிர்தம் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. நிமிர்ந்தபடியே காய்ந்துபோன கதிர்களை உருவினாள். ஒரு மணிகூட இல்லை, அத்தனையும் பதர். அதை நகல் வந்த உறையிலேயே திணித்தாள்.

தபாலாபீசில் மனு எழுதியவரிடம் டெல்லி விலாசத்தைப் போடச் சொன்னாள். அனுப்புநர் யார் என்று கேட்டார் அவர்.

"அமிர்தம், ஓட்டுப் போட்டவள்னு எழுதுங்க."