சவுரியம்மாளின் கை வாடை

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலில் மயிர் சீவுவது சவுரியம்மாளின் வேலை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை போகாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பக்கத்தில் உட்காருகிறவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஆட்டுக்கறி தின்கிற வாய்க்கு மேலே இருக்கிற மூக்குக்கு ஆட்டுத்தோல் மட்டும் நாறுகிறதாம்! சவுரிக்குக் கோபம் வராது, வெட்கம்தான் வரும்.

பெண் பிறந்ததும் ஒரு முடிவெடுத்தாள். இந்த வாடை பிள்ளைமேல் ஒட்டக்கூடாது. ஊரில் எவளும் செய்யாத காரியமாக, மூன்றாம் மாதமே தாய்ப்பாலை நிறுத்திவிட்டாள். பகலில் பிள்ளை ஆரோக்கியமேரியைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு நசீமுன்னிசா. பாயில் மல்லாக்கப் போட்டு, சங்கில் பசும்பால் ஊற்றுவாள். குடிசையில் அடுப்பெரிக்க, ஷாப்பில் தோல் பதனிட்டுக் கழித்துப்போட்ட ஆவாரம்பட்டைச் சக்கை. அது எரிவதைவிடப் புகைவதே ஜாஸ்தி. பிள்ளைக்குச் சளி விட்டபாடில்லை. காதைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டு வீறிடும்.

ஒருநாள் அழுகை நின்றது, பிள்ளைமேல் நாற்றம் வந்தது. சவுரி தன் கையைத்தான் முகர்ந்து பார்த்தாள். சீயக்காய், சாம்பல், எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். பிள்ளையைத் தூக்குவதையே கம்மியாக்கிக்கொண்டாள்.

மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம் நசீமுன்னிசா பிள்ளையோடு ஓடிவந்தாள்.

"சவுரி, நானும் உன் வாடைன்னுதான் நெனச்சேன். சொன்னா மனசு நோவுமேன்னு வாயத் தொறக்கல. இப்போ தலை துவட்டும்போது பாக்குறேன், புள்ள காதுல சீழு வடியுது!"

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையின் பின்னால் நின்று கைதட்டினாள். பிள்ளை திரும்பவில்லை. வளர்த்த விதத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

"படுக்கப்போட்டா பால் ஊத்துறது? வீட்ல புகை வேறயா? சளி காதுக்குள்ள ஏறாம என்ன செய்யும்? தாய்ப்பாலாவது காப்பாத்தியிருக்கும். அத ஏம்மா நிறுத்தினே?"

சவுரி கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மருந்தில் சீழ் நின்றது. போன காது வரவில்லை.

அடுத்த வருஷம் ஒருநாள் வேலை முடிந்து வந்தாள். பிள்ளை முதுகைக் காட்டி மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. "மேரி!" என்று கூப்பிட்டாள். அசையவில்லை. இன்னும் இரண்டடி வைத்தாள். காற்று அவள் பக்கமிருந்து அடித்தது. பிள்ளை மூக்கை உறிஞ்சியது, சட்டென்று திரும்பியது, சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டி ஓடிவந்தது.

சவுரி கழுவாத கையோடு வாரி அணைத்துக்கொண்டாள். இந்த வாடைக்குப் பயந்தா பிள்ளையின் காதைப் பறிகொடுத்தோம் என்று வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.