கொட்டாமல் வைத்த திரவம்

தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு எதிர் மேசையில் அவர் இருந்தார். புனேயின் கட்கி வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒல்லியான உடம்பு, முகத்தை மறைக்கும் மூக்குக்கண்ணாடி. காலையில் வாங்கிய பஸ் டிக்கெட்டைக் கடிகாரப் பட்டையில் செருகியிருப்பார். மாலை வரை எறியமாட்டார். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

இனப்பெருக்கத்துக்காக உறைய வைக்கும் குதிரை விந்தில், உருக்கிய பிறகு உயிரணுக்களின் சில புரதங்கள் காணாமல் போயின. குளிரில் சிதைந்துவிடுகின்றன என்றே நான் எழுதிவந்தேன். உறைய வைப்பதற்காகப் பாலும் முட்டைக்கருவும் கலந்து சேர்க்கும் திரவத்தை, உருக்கியதும் உயிரணுக்களிலிருந்து பிரித்து, எல்லோரையும் போல சிங்க்கில் கொட்டினேன்.

அவர் கொட்டவில்லை. புரதங்களைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நான் தொலைத்த புரதம் அந்தத் திரவத்தில் நீலக் கோடாக நின்றது.

"முட்டையோட புரதமா இருக்கும்," என்றேன்.

"அணு சேர்க்காத வெறும் திரவத்தையும் ஃப்ரீஸ் பண்ணி இதே ஜெல்லுல பக்கத்துலயே ஓட்டியிருக்கேன், பாருங்க. அதுல இல்ல."

"எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

"அரே, அணுவுல இல்லேன்னா பக்கத்துலதானே தேடணும்?"

பாராட்டினேன். வாய்தான் பாராட்டியது. வேறொரு குதிரையிலாவது இது பொய்க்கட்டும் என்ற ஆசையில், அவர் பஸ் பிடிக்கப் போனதும் நானே செய்து பார்த்தேன்.

அதே இடத்தில் அதே நீலக் கோடு. இத்தனை வருடங்களில் நான் ஓட்டியதிலேயே அழகான ஜெல் அதுதான்.