ரூருமுக்காக ஏற்றிய பாரம்

என் தம்பி சிகார் டயர் வாங்கிய கதையைச் சொல்லி எங்கள் பாகெலாலான் மலையில் இன்றும் சிரிப்பார்கள். ஜீப்பில் ஆளும் சாமானும் ஏற்றிக் கீழே லாவாஸ் டவுனுக்கு ஓட்டுவதுதான் அவன் பிழைப்பு. டயர் கடையில் எருமைக்குப் பல் பிடித்துப் பார்ப்பவன் போல ஒவ்வொன்றாகப் பார்த்தான். அகலமான டயர் எங்கள் ஊர்ச் சேற்றில் வழுக்கும் என்று ஒதுக்கிவிட்டு, ஒல்லியாக, ஆழமான பற்களோடு இருந்ததை எடுத்தான். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

கோட்டை விட்டது ஸ்பிரிங்கில்தான். வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டும்போது, இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங் பட்டைகளைப் போடச் சொன்னான். எங்கள் ஊர் வண்டி எதுவும் சும்மா இறங்காது. யார் டவுனுக்குப் போனாலும் பக்கத்து வீட்டு அரிசி மூட்டையும் கூடவே போகும். அந்த மூட்டைகளை நினைத்தவன் பெண்டாட்டி ரூருமை மறந்துவிட்டான்.

ரூருமுக்கு அப்போது எட்டாம் மாதம். முன்பு இரண்டு தங்கவில்லை. இரண்டாவது கலைந்தது, அதே ரோட்டில் குலுங்கி வந்த மறுநாள். இந்த முறை முன்னதாகவே லாவாஸ் வந்து தங்கும்படி நர்ஸ் சொல்லியிருந்தார். எங்கள் ஊருக்கு வரும் சின்ன விமானத்தில் அந்த மாதத்தில் ஏற்ற மாட்டார்கள். சிகார் வேறு யாரையும் ஏற்றாமல் பின் இருக்கையில் மெத்தை விரித்து அவளைப் படுக்க வைத்தான். நான் முன்னால் உட்கார்ந்தேன். ஊர் தாண்டுவதற்குள் ஒரு பள்ளத்தில் பின்பக்கம் துள்ளி விழுந்தது. ரூரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "திருப்புங்க, நான் வரல" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டயருக்குப் பல்லு பாத்தியே, உனக்கு மூளை இருக்கான்னு பாத்தியாடா?"

"பாரம் இருந்தா துள்ளாதுக்கா" என்று தலை குனிந்தான்.

வண்டியைத் திருப்பி ஊருக்குள் வந்து பாரம் கேட்டோம். அறுவடைக்கு இன்னும் நாள் கிடந்தது. குதிர்களில் அடி தெரிந்த நேரம். இருந்தும் வீட்டுக்கு வீடு மூட்டை வந்தது. இது விற்க இல்லை, தின்பதற்கு, அப்படியே திரும்பி வர வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அரிசி இல்லாதவர்கள் உப்பு மூட்டை தந்தார்கள். வண்டி பின்னால் தணிந்து உட்கார்ந்தது.

ஊர்ந்து போனோம். முதலில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரூரும் முனகினாள். பிறகு சத்தமே இல்லை.

"கேளுக்கா" என்றான் சிகார், மெதுவாக.

"நீ கேளு."

இரண்டு பேருக்கும் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கடைசியில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின் கதவைத் திறந்தோம். வாரக்கணக்கில் பயத்தில் தூங்காதவள், வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கதவுச் சத்தத்தில் விழித்து, "இப்பதானே கண்ணசந்தேன், ஏன் நிறுத்துனீங்க?" என்று கடிந்தாள்.

சிகார் சேற்றிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை பிறகு லாவாஸில் நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது அந்தச் சேற்று ரோட்டில்தான்.