குட்டி லோடரின் வயதும் ஒரு சேனல் இரும்பும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றும் சந்தேகம். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். நேரில் பேசச் சொன்னால் எனக்கு அதைவிடக் கஷ்டம். வர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிட்டர்கள் கேட்டதால், தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

1. பெயிண்டை நம்பாதே

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் ஸ்கிட் லோடர் ஒன்று இருந்தது. நாங்கள் குட்டி லோடர் என்போம். உலைக்கு விறகு அள்ளும், உர மூட்டை தூக்கும், மழையில் மண் சரிந்தால் ரிங்லெட் டவுனுக்குப் போகும் ரோட்டைத் திறந்துவிடும். எண்பதுகளின் நடுவில் அது வேறு டிவிஷனுக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஈப்போவிலிருந்து ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி லோரியில் வந்து இறங்கியது. அதே மஞ்சள் நிறம், புது டயர், சீட்டுக்கு முன்னால், டிரைவர் மடிமேல் இறக்கிக்கொள்ளும் அதே மாதிரி பாதுகாப்பு பார்.

டிரைவர் வீரையா அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அண்ணே, பழசவிட இது புதுசுண்ணே. வண்டிய வித்த தவுக்கே மொதலாளியே சொன்னாரு, ரெண்டு மூணு வருசம்தான் ஓடியிருக்காம்."

நான் குனிந்து பார்த்தேன். நம்பர் தகடு இருந்த இடத்தில் நான்கு ரிவெட் ஓட்டைகள் மட்டுமே இருந்தன.

தகடு இல்லாத வண்டிக்கு வயது பார்க்கும் முறை இதுதான். டயரையும் பெயிண்டையும் பார்க்காதே. எஞ்சினையும் நம்பாதே, அதை யாரும் மாற்றியிருக்கலாம். அடிப்பலகையைக் கழற்று. லீவரை அசைத்தால் கிளட்ச் வேலை செய்கிறதா, ஹைட்ராலிக் பம்ப் வேலை செய்கிறதா என்று பார். கிளட்ச் என்றால் பழைய வண்டி. அச்சு வீட்டின், அதாவது சக்கர அச்சை மூடியிருக்கும் உறையின், வார்ப்பில் எண் இருக்கும். அதைச் சுரண்டிப் பார். பக்கெட்டைத் தூக்கும் இரண்டு கைகளும் வண்டியோடு சேரும் இடத்தில் பின்னும் புஷ்ஷும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று கம்பியால் நெம்பிப் பார். கடைசியாக, டிரைவர் உட்காரும் கூண்டின் போல்ட் ஓட்டைகளைத் தடவிப் பார். கம்பெனி ஓட்டை வழவழப்பாக இருக்கும். பட்டறையில் போட்ட ஓட்டை விரலைக் கீறும்.

என் விரலைக் கீறியது. வண்டி மிகப் பழையது. கூண்டும் பாரும் வேறொரு புது வண்டியிலிருந்து எடுத்து மாட்டியவை.

முன்பிருந்த வண்டியில் பாரைத் தூக்கினால், கையை ஏற்றி இறக்கும் கால் பெடல் பூட்டிக்கொள்ளும். கை இறங்காது. இதில் பாரின் தண்டு அடிப்பலகை வரை வந்து சும்மா தொங்கியது. அதைப் பெடலோடு சேர்க்க வேண்டிய லிங்க் இந்த வண்டிக்குச் செய்யப்படவே இல்லை. எஞ்சின் நின்றிருந்தாலும், பெடல் அழுந்தினால் கை தன் எடையிலேயே இறங்கிவிடும்.

ஆபீசில் கணக்கு வழக்கு பார்க்கும் கிராணியிடம் போய்ச் சொன்னேன். "வண்டி ஓடுது இல்ல? அப்புறம் என்ன லா பெருமாளு" என்றார். திரும்பி வந்து, வாய்க்கால் மாதிரி மூன்று பக்கம் மூடிய ஒரு சேனல் இரும்பை வெட்டினேன். கை மேலே இருக்கும்போது, அதைத் தூக்கும் சிலிண்டரின் தண்டு வெளியே நீண்டிருக்கும். அதன்மேல் இந்த இரும்பைக் கவிழ்த்துப் பின் போட்டால், தண்டு உள்ளே போக முடியாது. கையும் இறங்காது. கிரீஸ் அடிக்கும்போது எனக்கு அது போதும் என்று ஆணியில் மாட்டி வைத்தேன்.

2. பூஜை நாள்

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை அன்று லோடரின் இரண்டு கைகளையும் உயரத் தூக்கி வைப்பார்கள். பார்க்க, தலைக்குமேல் கும்பிடுகிற மாதிரி இருக்கும். பக்கெட்டில் மாலை தொங்கும். கைக்குழந்தைகளை அதன் கீழே கொண்டுபோய் எடுத்தால் பயம் அண்டாது என்பார்கள். முந்தைய வண்டியில் பல பிள்ளைகள் அப்படிப் போய் வந்திருக்கிறார்கள். அது பூட்டுகிற வண்டி.

அந்த வருடம் முதல் குழந்தை வீரையாவுடையது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவனுக்கும் சரசுவுக்கும் பிறந்த பெண் பிள்ளை.

முதல் நாளே அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் சக்கரத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான்.

"சீட்டு பாரு இருக்குல்லண்ணே? தூக்குனா லாக்கு."

"இதுல லாக்கு இல்லப்பா."

"நான்தானே தெனமும் ஓட்டுறேன்?"

அவன் சொன்னதும் உண்மை. ஆனால் தினமும் அவன் பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுத்தான் இறங்குவான். கை மேலே இருக்கும்போது இறங்கிப் பழக்கமில்லை. அந்த வண்டிக்குப் பக்கத்தில் கதவு கிடையாது. முன்பக்கமாக, பெடலைத் தாண்டி, தூக்கிய கைகளுக்குக் கீழேதான் இறங்க வேண்டும்.

மறுநாள் காலை பனி விலகியதும் ஃபேக்டரி முன்னால் எல்லோரும் கூடினார்கள். வீரையா பட்டுக்கரை வேட்டியில் வந்து ஏறினான். கை மேலே போனது. எஞ்சினை நிறுத்தினான். சரசு குழந்தையோடு முன்னால் வந்தாள். நான் ஆணியிலிருந்து சேனல் இரும்பை எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கவாட்டில் போனேன்.

சின்னையா கங்காணி பார்த்துவிட்டார். "என்னப்பா பெருமாளு, சாமி கும்புடுற வண்டிக்குக் கால் ஒடிஞ்சவனுக்குக் கட்டுப் போடுற மாதிரி! துருப்பிடிச்சத எடுத்துட்டுப் போப்பா."

கூட்டம் சிரித்தது. "கட்டுக்கு எண்ணெய் போட்டுத் தடவுங்க மாமா" என்று ஒருவன் கத்தினான். வீரையாவின் முகம் கறுத்தது. "என் வண்டிய ஏண்ணே கேவலப்படுத்துறீங்க?"

அத்தனை கண்களும் என் மேல் இருந்தன. ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது. "இதப் போடாம புள்ளையக் கொண்டு போவாதீங்க."

கங்காணி வாயைத் திறப்பதற்குள் சரசு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். "அண்ணன் வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. போடட்டும். நான் நிக்கிறேன்."

இரும்பைக் கவிழ்த்துப் பின்னைப் போட்டேன். கங்காணி, "சரி, நல்ல நேரம் போவுது" என்று முணுமுணுத்தார். சரசு பக்கெட்டுக்குக் கீழே வந்து குழந்தையை உயர்த்திப் பிடித்தாள். வாங்கிக்கொள்ள வீரையா பாரைத் தூக்கிவிட்டு, குனிந்து இறங்கினான். பெடலின் முனையில் வேட்டி மாட்டியது. அவன் காலை இழுத்ததில் பெடல் அழுந்தியது.

டங் என்று ஒரு சத்தம். இரண்டு கைகளும் ஒரு விரல்கடை இறங்கி, சேனல் இரும்பில் உட்கார்ந்தன. மாலையிலிருந்து பூக்கள் சரசுவின் தலைமேல் கொட்டின. குழந்தை வீறிட்டது.

சரசு பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கி வெளியே வந்தாள். வீரையா வேட்டியைப் பெடலிலிருந்து விடுவிக்க முயன்றான். கரை கிழிந்ததே தவிர, வேட்டி வரவில்லை. நான் பக்கத்திலிருந்து கையை விட்டு விடுவித்தேன். அவன் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தான். வண்டியை அண்ணாந்து பார்த்தான். பிறகு அந்த இரும்பைப் பார்த்தான்.

கங்காணி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று வேறு எந்தக் குழந்தையும் கீழே போகவில்லை.

3. புதியவர்களுக்கு

அடுத்த வாரம் கிராணியே வர்க்‌ஷாப்புக்கு வந்து அடிப்பலகையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். தொங்கிய தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். லிங்க் செய்ய எனக்கு நாளாயிற்று. இப்போது பெடல் பூட்டுகிறது. ஆனாலும் சேனல் இரும்பைப் போடாமல் யாரும் கைக்குக் கீழே போகக்கூடாது. பூட்டு பெடலைத்தான் பிடிக்கும். ஹோஸ் வெடித்தால் அதைப் பிடிக்க எதுவும் இல்லை.

சக்கரத்தைச் சுழற்றும் செயினை வாராவாரம் பாருங்கள். பின்களுக்குத் தினமும் கிரீஸ் அடியுங்கள். பாதுகாப்புக்கு என்று வண்டியில் ஒன்று இருந்தால், அது இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். அதன் மறுமுனை எதோடு சேர்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். வயது பார்ப்பது அதற்காகத்தான்.

கும்பிடுவதும் நின்றுவிடவில்லை. இப்போது கைகள் கீழே இருக்க, பக்கெட் தரையில் இருக்க, அதன் முன்னால் பிள்ளைகளை நிறுத்துகிறார்கள். சரசுவின் மகள் போன வருடம் தானே நடந்து வந்து நின்றாள். வீரையா முதல் பொட்டை வண்டிக்கு வைப்பதில்லை. ஆணியில் தொங்கும் அந்தத் துருப்பிடித்த இரும்புக்கு வைத்துவிட்டுத்தான் வண்டிக்கு வருகிறான். நேற்று வந்து, "அண்ணே, அதுக்குப் பெயிண்ட் அடிச்சிரலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். விரிசல் விட்டால் பெயிண்ட் மறைத்துவிடும்.

எழுதி முடித்தது: 7 அக்டோபர் 1989, சனிக்கிழமை.