வெயிலில் வைத்த பிராந்தி

என் கணவர் பிரான்ஸில் ஒரு மதுக்கடையில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த வழியில் வந்த குடியுரிமை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் காரைக்காலுக்கு வருவார். கிளம்பும்போதெல்லாம், "இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் இங்கயே இருந்துடறேன்" என்பார். நானும் கூட வருகிறேன் என்றால், "அந்தக் குளிர் உனக்கு ஒத்துக்காதும்மா" என்று முடித்துவிடுவார். நான் ஒரு ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம்கூடத் தேறாது. எனக்கு அது போதவில்லை.

எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு லீவில், தன் கடையில் கலக்கும் ஒரு பானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். காபி ஊறிய இனிப்பான மது, அதோடு கசப்பு ஆரஞ்சுத் தோல் ஊறிய இன்னொன்று, நிறைய ஐஸ். குலுக்கிச் சின்ன கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார்களாம். முதலில் இனிக்குமாம், அப்புறம் கசக்குமாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. என் சமையலைப் பற்றி இந்த மனுஷன் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

"அத நான் இங்கயே போட்டுத் தரேன்" என்றேன்.

"நீயா? பில்டர்ல தண்ணி ஊத்தற மாதிரி இல்ல அது."

"பாக்கலாம்."

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. அங்கிருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் எங்களுடையது, பிராந்திக்குப் பஞ்சமில்லை. பாட்டிலை அவர் வாங்கி வந்தார். நெடுங்காட்டில் என் பிறந்த வீட்டுக் கொல்லையிலிருந்து நார்த்தங்காய் வந்தது. கசப்புக்கு அதைவிட என்ன வேண்டும்? காலைக் காபி போடும் பித்தளை பில்டரைப் பிராந்தி பக்கம் விட மனசில்லை. இதற்கென்று தனியாக ஒரு பில்டர் வாங்கினேன். சனிக்கிழமை சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கு போடுகிற வீடு. அன்று மட்டும் இந்தச் சாமான்கள் எதையும் தொடவில்லை.

சிக்கரி கூடாது என்றார். சிக்கரி சேராததை எங்கள் வீட்டில் யாரும் காபி என்று சொன்னதில்லை. என் இஷ்டப்படி சேர்த்தேன். கெட்டி டிகாக்‌ஷன், சர்க்கரைப் பாகு, பிராந்தி, சீவிய நார்த்தங்காய்த் தோல் எல்லாம் ஜாடிக்குள் போயின. நார்த்தங்காயை ஜாடியில் போட்டால் அடுத்து என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். தினமும் காலையில் ஏற்றி, சாயங்காலம் இறக்கினேன்.

கீழ் வீட்டு அம்மா மூக்கைச் சுளித்தபடி நின்றார். "மாடியில என்னங்க, ஒரு மாதிரி வாடை வருது?"

"ஊறுகாய்ங்க" என்றேன்.

ஒரு வாரம் கழித்து என் கணவருக்கு ஒரு கிளாஸ் கொடுத்தேன். நாக்கில் வைத்தார். யோசித்தார். மறுபடியும் வைத்தார்.

"பிராந்தி எங்க?"

"அதுலதான் இருக்கு."

"எங்க வச்சிருந்த இத?"

"வெயில்லதான். வேடு கட்டி."

"வெயில்லயா? அப்ப சூரிய பகவான் குடிச்சிட்டாரும்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அந்த லீவில் அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடுவதாக இல்லை.

மறுநாளே இன்னொரு பாட்டில் பிராந்தி வாங்கி வரச் சொன்னேன். இந்தத் தடவை கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, அலமாரியின் இருட்டு மூலை.

"எப்பத் திறக்கலாம்?" என்றார்.

"பொங்கலுக்கு."

"என் டிக்கெட் தீபாவளி முடிஞ்ச கையோட."

"தெரியும். இருந்து குடிங்க. இல்லன்னா பொங்கலன்னிக்கு நானே திறந்துக்கறேன். அதுக்கு மேல காத்திருக்க மாட்டேன்."

நான் பாட்டிலைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தீபாவளி முடிந்ததும் விமானமும் ஏறினார்.

பொங்கலன்று படையல் முடிந்து, சாயங்காலம் பாட்டிலைத் திறந்தேன். கருக்களாச்சேரிக்கு மீனுக்காக ஐஸ் கொண்டுபோகும் வண்டிக்காரரிடம் ஒரு துண்டு வாங்கி, நன்றாகக் கழுவி உடைத்து, தூக்குவாளியில் போட்டுக் குலுக்கினேன். அதுவரை நான் குடித்தவள் இல்லை. முதலில் இனித்தது. பிறகு நார்த்தங்காயின் கசப்பு அடிநாக்கில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. நன்றாகவே வந்திருந்தது. அதைச் சொல்வதற்கு ஆளில்லையே என்ற ஆத்திரத்தில் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கிளாஸ் ஊற்றினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனேன். குளிர் ஒத்துக்குமா ஒத்துக்காதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவருக்கு எழுதினேன். "சரி, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ" என்று அவரும் பேப்பர்களை அனுப்பினார். எல்லாம் கைக்கு வருவதற்குள் மாசங்கள் ஓடிவிட்டன. நடுநடுவே ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டிலும் கொஞ்சம் இறங்கியது.

பிரான்ஸில் அவருடைய அறை ஒற்றை ஜன்னலோடு சின்னதாக இருந்தது. புடவைக்குள் சுருட்டி வைத்திருந்த பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாதிதான் இருக்கு?"

"மீதி என் பங்கு. சொல்லிட்டுத்தானே திறந்தேன்."

கடையில் செய்வது போலவே குலுக்கி, இரண்டு கிளாஸில் ஊற்றினார். ஒரு வாய் குடித்தார். மறுபடியும் ஒரு வாய். பிறகு மெதுவாக, "ஆபீஸ்ல எத்தனை நாள் லீவு போட்டுட்டு வந்த?" என்றார்.

"லீவுல வர்றது நீங்கதான்" என்றேன். "நான் வேலைய விட்டுட்டு வந்துட்டேன்."